நோயில்லாதவளுக்கு ஒரு விண்ணப்பம்

எங்கள் சபையில் யார் இறந்தாலும் அடக்க ஆராதனையில் ஒரு வாழ்க்கைக் குறிப்பு வாசிப்பார்கள். பிறந்தது, படித்தது, மணமுடித்தது, பெற்றது, இறந்தது என்று ஐந்து நிமிடத்துக்குள் ஒரு ஆளை முடித்துவிட வேண்டும். வடசேரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருப்பதால், முப்பது வருடங்களாக இந்த ஊழியமும் என் தலையில்தான். சவப்பெட்டிக்குச் சொல்லப் போகிறவர் போகிற வழியில் என் கடையில் விவரம் சொல்லிவிட்டுப் போவார். திரும்பி வரும்போது குறிப்பு தயாராக இருக்கும்.

கஞ்சனை 'சிக்கனத்தின் அருமை அறிந்தவர்' என்று எழுதுவேன். வேலி தகராறில் ஊரையே கோர்ட்டுக்கு இழுத்தவரை 'நியாயத்துக்காகத் தனித்து நின்றவர்' என்று எழுதுவேன். "நீங்க எழுதினா யூதாசும் சபை மூப்பராயிருவான்" என்று என் மனைவி சொல்வாள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு காலத்தை ஓட்டினேன்.

நோயைப் பற்றி எழுத என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் உண்டு. 'குறுகிய கால சுகவீனத்துக்குப் பின் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.' மாரடைப்பானாலும், மஞ்சள் காமாலையானாலும், குடித்துக் கெட்ட ஈரலானாலும் அதே வாக்கியம். மூன்று வருடம் படுத்த படுக்கையாய்க் கிடந்தவருக்கும் அதையே போட்டேன். அவருடைய மகன் இதைக் கேட்டபோது, "நித்தியத்தோட ஒத்துப் பாத்தா மூணு வருஷம் குறுகிய காலம்தானே" என்று சமாளித்தேன். பாவம், அவன் ஆமென் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த வாக்கியம் என் மேலேயே வந்து விழுந்தது என் தங்கையின் விஷயத்தில். கருங்கல் என்ற ஊரில், வீட்டில் வைத்தே தையல் வேலை செய்கிறவள். கணவர் கொத்தனார், ஒன்பது வருடம் கல்ஃபில் இருந்து, முதுகுவலியோடு திரும்பி வந்தவர். ஒரே மகள். தங்கைக்கு நாற்பத்துமூன்றாம் வயதில் இடது மார்பில் கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். அவர்களிடம் அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருந்தது. ஆபரேஷன், மருந்தேற்றுவது, கதிர் வைத்தியம் எல்லாம் அந்த அட்டையிலேயே நடந்தன. சாயாக்கடையில் அரசாங்கத்தைத் திட்டுவதில் எனக்கென்று ஒரு பெயர் உண்டு. அந்த ஏழெட்டு மாதமும் வாயை மூடிக்கொண்டு பருப்புவடை தின்றேன். எனக்கு உடம்பு சரியில்லை என்று கடைக்காரரே முடிவுகட்டிவிட்டார்.

சிகிச்சை முடியும் நேரத்தில் டாக்டரம்மா தங்கையிடம், "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இந்த நோய் இருந்திருக்கா?" என்று கேட்டார். தங்கைக்கு முன்னால் நான் பதில் சொன்னேன். குடும்பச் சரித்திரம் முழுக்க என் கடையில்தானே அச்சாகியிருக்கிறது!

"ஒருத்தருக்கும் இல்ல டாக்டர். எங்கம்மை வழியில எல்லாரும் எண்பது தாண்டினவங்க."

"அப்பா வழியில?"

"அப்பா வழியில எப்பிடி வரும்? இது பொம்பளைகளுக்குள்ள சமாச்சாரம் இல்லியா?"

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளில் ஆணுக்குச் சதுரமும் பெண்ணுக்கு வட்டமும் வரைந்து விளக்கினார். சில குடும்பங்களில் இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் ஒரு குறை பிறப்பிலேயே இரத்தத்தில் வருகிறது. அது தாய் வழியாகவும் வரும், தகப்பன் வழியாகவும் வரும். தகப்பன் எண்பது வயதுவரை கல்லுப்போல இருந்துவிட்டு அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். தங்கையிடம் அது இருந்தால் அவள் மகளிடம் இருப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்தப் பிள்ளைக்கு அப்போது இருபத்துநாலு வயது.

"அவளுக்கு இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சா எவ்வளவோ செய்யலாம். அதுக்கு முதல்ல அம்மாவைச் சோதிக்கணும். அப்பா வழியில செத்தவங்க யாருக்கு, எந்த வயசுல, என்ன நோய்னு எழுதிக் கொண்டு வாங்க" என்றார்.

எழுதிக் கொண்டு வரச் சொல்கிறார்! அதுவும் என்னிடம்! அடுத்த வாரமே அப்பா வழி வாழ்க்கைக் குறிப்புகள் பதினொன்றை ஒரு கோப்பில் போட்டுக் கொண்டுபோய்ப் பெருமையோடு நீட்டினேன். டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஐந்தாவது தாளில் அவர் உதடு துடித்தது.

"சார், உங்க குடும்பத்துல எல்லாருக்கும் ஒரே வியாதிதான் வந்திருக்கு. இந்த குறுகிய கால சுகவீனத்துக்கு எங்க படிப்புல மருந்து சொல்லித் தரல."

தங்கை முடி கொட்டிய தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் இல்லாத மாதிரி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பதினொன்றில் இரண்டு, அப்பாவின் தங்கைகளுடையவை. இரண்டு அத்தைகளும் ஐம்பத்தைந்தைத் தாண்டவில்லை. சின்ன அத்தைக்கு என்ன வந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படி எழுதினேன்.

ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, முன்னால் கம்ப்யூட்டர், அதைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர். "ஆபரேஷன் இருக்கு சார், கீமோ இருக்கு, ரேடியேஷன் இருக்கு. இந்த ஜீன் டெஸ்ட் லிஸ்டுல இல்ல" என்றாள். "ஆனா அம்மாவுக்கு அடுத்த சிகிச்சையைத் தீர்மானிக்க இது வேணும்னு டாக்டர் எழுதித் தரட்டும். குடும்ப விவரத்துக்கு ஏதாவது ஆதாரம் வையுங்க. மேல அனுப்பிப் பாக்கலாம்."

ஆதாரம் தேடிக் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போட்டேன். 'நம் குடும்பத்தில் இறந்தவர்களுக்கு இருந்த நோய்களைத் தெரிவிக்கவும்.' பத்து நிமிடத்தில் பதினாறு பேர் கைகூப்பினார்கள். நாலு பேர் 'ஜெபிக்கிறோம்' என்றார்கள். ஒரு சித்தப்பா குழுவைவிட்டு வெளியேறினார். அவருக்குக் கல்யாண வயதில் இரண்டு பேத்திகள்.

பின்னே, பஸ் ஏறிச் சிதறாலுக்குப் போனேன். சின்ன அத்தையின் மகள் அங்கே ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறாள். என்னைவிட ஏழு வயது இளையவள். ஒரு காலத்தில் அவளை எனக்குக் கட்டிவைக்கப் பேச்சு நடந்ததும், அவள் மாட்டேன் என்றதும் குடும்பத்தில் அழியாத நகைச்சுவை. முற்றத்தில் ரப்பர் ஷீட்டு காயப்போட்டுக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"அத்தான் வாறாரே! என்ன, யாரு செத்தா?"

"ஒருத்தரும் சாவல. சாவாம இருக்கத்தான் வந்திருக்கேன்" என்று விஷயத்தைச் சொன்னேன்.

அவள் கையை ஈரத்துணியில் துடைத்தாள். "எங்கம்மைக்கு மாருல கட்டி. புண்ணாயி, நாத்தமெடுத்து, ஒரு வருஷம் கெடந்து செத்தா. நான்தான் தொடச்சுவிட்டேன். நீங்க சபையில நின்னு குறுகிய கால சுகவீனம்னு வாசிச்சிய. எனக்க ரெண்டு பெண்பிள்ளைகளும் இண்ணைக்குவரை பாட்டிக்குக் காய்ச்சல்னுதான் நெனச்சிட்டு இருக்கு."

"ஏட்டி, அப்பம் ஒனக்குக் கல்யாணம் பேசிட்டிருந்தாங்க. வெளிய தெரியாண்டாம்னு ஒனக்க அப்பா எனக்க கையப் பிடிச்சுக் கெஞ்சினாரு."

"செரி. எனக்க கல்யாணம் முடிஞ்சு இருவத்தஞ்சு வருஷமாச்சு. இனியும் யாருக்காக மறைச்சு வச்சிருக்கிய?"

காய்ந்துகொண்டிருந்த ஷீட்டு ஒன்றின் சுருக்கத்தை நீவிவிட்டேன். அவளுக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். கட்டஞ்சாயா போட்டுத் தந்தாள். பிறகு உள்ளே போய், நிலவரி கட்டிய ரசீதுகளும் பழைய ரேஷன் கார்டும் இருந்த பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து கொட்டினாள். திருவனந்தபுரத்தில் அத்தைக்குச் சதை எடுத்துப் பார்த்த சீட்டு நாலாய் மடித்து அதற்குள் இருந்தது. பெரிய அத்தைக்கு வயிறு வீங்கியதும், கருமுட்டைப் பையான சூலகத்தில் கட்டி என்று சொன்னதும் அவளுக்கு நினைவிருந்தது. அந்தச் சீட்டு கிடைக்கவில்லை. "நானே வந்து கையெழுத்துப் போட்டுத் தாறேன்" என்றாள். நான் படியிறங்கும்போது மெதுவாகக் கேட்டாள்: "அத்தான், அப்பம் எனக்கும் பாக்கணும் இல்லியா?"

"பாக்கணும், மக்கா."

"எனக்கு அம்பது ஆச்சு. ஒவ்வொரு தடவ குளிக்கும்போதும் பயந்துட்டுத்தான் குளிக்கேன்" என்றாள். இருபத்தாறு வருடம் இவளை அப்படிப் பயந்துகொண்டு தனியே குளிக்க விட்டதில் என் வாக்கியத்துக்கும் பங்கு உண்டு.

அன்று இரவே குடும்ப விவரத்தை எழுதி, மறுநாள் டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு பக்கம். அவர் வாசித்து முடித்தார். "சார், ரொம்ப நல்லா இருக்கு. 'அன்பே உருவான அன்னார்' வர்ற இடத்துல எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. ஆனா வயசு இல்ல, உறுப்பு இல்ல, வருஷம் இல்ல." தாளை என்னிடமே திருப்பித் தந்தார். பழக்க தோஷம். செத்தவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் கை தானாக ஜோடிக்கத் தொடங்கிவிடுகிறது.

இரண்டாம் முறை ஆறே வரிதான். 'அப்பாவின் தங்கை. மார்பில் புற்றுநோய். 44 வயதில் இறந்தார்.' நான் எழுதியதிலேயே மிகவும் சின்னது. எழுத மூன்று நாள் எடுத்ததும் அதுதான்.

மேலேயிருந்து இரண்டு முறை விளக்கம் கேட்டார்கள். மூன்றாம் முறை தங்கையின் சோதனைக்கு அனுமதி வந்தது. இரத்தம் கொடுத்துவிட்டுச் சில வாரம் காத்திருந்தோம். குறை இருந்தது. இந்தக் குறை சூலகத்திலும் புற்றுநோய்க்கு இடம் கொடுக்கும் என்பதால், அதை எடுத்துவிடுவது அவளுக்குப் பாதுகாப்பு என்று டாக்டரம்மா சொன்னார். அவள் ஏற்கெனவே நோயாளி என்பதால் அதுவும் சிகிச்சையோடு சேர்ந்து அட்டையிலேயே நடந்தது.

குறை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டதால், மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தைப் பார்த்தால் போதும். செலவு குறைவு, கையிலிருந்தே கொடுத்துவிடலாம். ஆனால் என் மச்சான் கொத்தனார் குறுக்கே நின்றார். மூன்று மாதமாக மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோதன எடுத்தா எப்பிடியும் வெளிய வரும். பின்ன யாரு கெட்டுவா?" என்றார்.

தங்கையின் மகள், என் மருமகள், அடுக்களையிலிருந்து வந்தாள். "அப்பா, பெண் பாக்க வாறவங்க, களியக்காவிளையில இருக்க நம்ம பெரியப்பா குடிக்காரா இல்லியான்னு வரைக்கும் விசாரிச்சிட்டுத்தான் வாறாங்க. இது மட்டும் அவங்களுக்குத் தெரியாமலா போவும்? எனக்குத் தெரியாமப் போனாத்தான் கொழப்பம்." பிறகு என்னைப் பார்த்து, "மாமா, ஒங்களுக்கும் எடுக்கணும்னு டாக்டர் சொன்னாங்களே, எடுத்தியளா?" என்றாள்.

நான் எடுத்திருக்கவில்லை. நான் ஆண்பிள்ளை அல்லவா!

இருவருமாகப் போனோம். மார்பகப் பிரிவின் வரிசையில் நாற்பது பெண்கள், நடுவில் நான். நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தேன். "பேஷண்ட் எங்க?" என்றார். "நான்தான்" என்றேன். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அப்போது நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டது எதற்கு என்று இன்றுவரை புரியவில்லை.

எனக்கு இருந்தது. மருமகளுக்கும் இருந்தது.

முதலில் நான் சொன்ன கோணங்கிப் பேச்சு: "அப்பா பாகம் பிரிக்கையில எனக்கு ஓரமாத்தான் தந்தாருன்னு இத்தன வருஷம் கொறபட்டிட்டிருந்தேன். தங்கச்சிக்கும் எனக்கும் இதைச் சரிசமமாத்தான் தந்திருக்காரு." தங்கை சிரிக்கவில்லை. மகளின் கையைப் பிடித்தபடி இருந்தாள். "நான் கொடுத்துட்டேனே" என்று மட்டும் சொன்னாள்.

"அம்மா, நீ கண்டுபிடிச்சுத் தந்திருக்க" என்றாள் மருமகள்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இருப்பது நோய் அல்ல, வாய்ப்பு. இருபத்தைந்து வயதிலிருந்து வருடம் ஒருமுறை மார்பை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டும். வந்தாலும் கடுகளவில் பிடித்துவிடலாம். ஆபரேஷன் பற்றியெல்லாம் கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் ஆனபிறகு நிதானமாக அவளே யோசிக்கலாம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லாததால் என் வழியில் அது என்னோடு நின்றுவிடும்; ஆனாலும் எனக்கும் சில சோதனைகள் எழுதித் தந்தார். அவற்றை நான் இங்கே விவரிக்கப்போவதில்லை. என் மனைவி இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

சிக்கல் அந்த ஸ்கேனில் இருந்தது. ஒருமுறை என்றால் எப்படியாவது புரட்டிவிடலாம். வருடா வருடம், வாழ்நாள் முழுக்க என்றால் தையல்காரியும் கொத்தனாரும் எங்கே போவார்கள்? முதல் வருடம் எடுத்துவிட்டு மூன்றாம் வருடம் விட்டுவிடுவாள் என்பதுதான் எங்கள் எல்லாருடைய பயமும்.

காப்பீட்டுப் பிரிவுப் பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். "சார், நோயின் பெயர்னு ஒரு கட்டம் இருக்கு. அதை நிரப்பாம அடுத்த பக்கம் போகாது. இவங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லியே."

"குறுகிய கால சுகவீனம்னு போடும்மா. எதுக்கும் பொருந்தும்" என்றேன். மருமகள் என் காலை மிதித்தாள்.

"சுகமில்லாதவங்களுக்குத்தான் சார் இந்த அட்டை. சுகமா இருக்கவங்களுக்கு இதுல வழி இல்ல."

"அப்பம் அவளுக்கு நோய் வந்த பிறகு கூட்டிட்டு வரட்டுமா, மக்கா?"

நான் வேடிக்கையாகத்தான் தொடங்கினேன். பாதியிலேயே அது வேடிக்கையாக இல்லாமல் போய்விட்டது. அந்தப் பெண் திரையைவிட்டுத் திரும்பி மருமகளைப் பார்த்தாள். அவளுக்கும் ஏறக்குறைய மருமகளின் வயதுதான் இருக்கும். "தாள்ல எழுதிக் கொண்டு வாங்க. டாக்டர் லெட்டர், ரிசல்ட், அத்தையோட சீட்டு எல்லாம் வையுங்க. நான் கையால மேல அனுப்புறேன். கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்லயும் ஒண்ணு குடுங்க" என்றாள்.

விண்ணப்பத்தை நானும் மருமகளும் கடையில் உட்கார்ந்து எழுதினோம். நான் எழுத எழுத அவள் அடித்து நீக்கினாள். 'பெருங்கருணை கூர்ந்து' போயிற்று. 'கண்ணீரும் கம்பலையுமாக' போயிற்று. முழுப் பக்கத்தில் அவள் சேர்த்த இரண்டு வரிதான் மிஞ்சியது: 'எனக்கு இன்று எந்த நோயும் இல்லை. இது இப்படியே இருக்க, அல்லது வந்தால் உடனே தெரிய, வருடம் ஒரு ஸ்கேன் தேவைப்படுகிறது.'

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் பட்டா கேட்பவர்களுக்கும் பாதை கேட்பவர்களுக்கும் இடையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் அதிகாரி தலைநிமிராமல் கேட்டார்.

"யாருக்கு உடம்பு சரியில்லை?"

"யாருக்கும் இல்ல சார்" என்றாள் மருமகள்.

அவர் நிமிர்ந்தார். இரண்டு வரியையும் வாசித்தார். பின்னால் இருந்த டாக்டரின் கடிதத்தைப் புரட்டினார். "அப்பிடின்னா இது நியாயமான கேள்விதான்" என்று சொல்லி, ஓரத்தில் பச்சை மையில் ஏதோ எழுதினார். நான் எழுதிய முப்பது வருட எழுத்தில் ஒருவர் கூட இப்படிச் சொன்னதில்லை. சொன்னதும் என் வரியைப் பார்த்து அல்ல என்பது வேறு விஷயம்.

முதல் பதில் 'பட்டியலில் இல்லை' என்று வந்தது. டாக்டரம்மா மறுபடி எழுதினார். பச்சை மைக் குறிப்பின் நகலோடு காப்பீட்டுப் பிரிவுப் பெண்ணும் மறுபடி அனுப்பினாள். சில வாரங்கள் கழித்து, நான் ஒரு கல்யாணப் பத்திரிகையில் 'பேரின்பப் பெருவிழா' போட்டுக்கொண்டிருந்தபோது மருமகள் ஃபோன் செய்தாள். "மாமா, வந்துட்டு. தனி நேர்வா, இந்த ஒரு வருஷத்துக்கு."

"ஒரு வருஷத்துக்கு மட்டுமா?"

"அடுத்த வருஷம் மறுபடி கேப்போம். அதுக்கு என்ன இப்பம்?"

இருபத்தைந்து வயது முடிந்த அடுத்த மாதம் ஸ்கேன் எடுத்தாள். ஒன்றும் இல்லை. அதற்குள் சிதறால்காரியும் மார்பைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டாள்; அதிலும் ஒன்றும் இல்லை. இரத்தச் சோதனைக்குப் போகுமுன் தன் மகள்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து எல்லாம் சொல்லிவிட்டாளாம். மருமகளுக்கு வந்த ஒரு சம்பந்தம் விஷயத்தைக் கேட்டதும் நின்றுபோனது. இன்னொன்றில் பையன் தனியாக ஃபோன் செய்து, ஸ்கேன் எந்த மாதம் என்று கேட்டிருக்கிறான். கல்யாணம் ஆகுமோ ஆகாதோ, கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கப் போன அன்று காப்பீட்டுப் பிரிவில் முட்டத்திலிருந்து வந்த ஒரு அக்காவும் தங்கையும் நின்றார்கள். அக்காவுக்குச் சிகிச்சை நடக்கிறது. தங்கைக்கு ஒன்றும் இல்லை, ஆனால் குறை இருக்கிறது. பிரிவுப் பெண் எங்களைக் கண்டதும், "இவங்ககிட்டக் கேளுங்க, இவங்க வாங்கியிருக்காங்க" என்று கைகாட்டினாள். மேலிடத்தில் இதைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கிறார்களாம். "சேருமா?" என்று கேட்டேன். "இப்பிடிக் கேக்கவங்க எண்ணிக்கை கூடினா சேரும் சார்" என்றாள்.

முட்டத்துத் தங்கை கையில் வெற்றுத்தாளை வைத்துக்கொண்டு மருமகளிடம் வந்தாள். "ஒங்களுக்கு என்ன சுகமில்ல?"

"ஒண்ணும் இல்லக்கா" என்றாள் மருமகள். பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தாள். "இருங்கோ. முதல்ல அதத்தான் எழுதணும்."